படத்துக்குக் கீழே நாலு வரி

(தோல் தொழில் வட்டாரத்து மாணவர்கள் அமைக்கும் மெய்நிகர் கலைக் கண்காட்சி பற்றி ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



ஒரு மாணவர் ஏதேனும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு இணையத்தில் கலைக் கண்காட்சி அமைப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இந்த ஆண்டு, பாலாற்றின் இரு கரை ஊர்களிலிருந்தும் வந்திருக்கிற மாணவர்களாகிய உங்களுக்கு அது பாடத்தின் ஒரு பகுதியாகவே வந்திருக்கிறது. நேற்று மாலை ஒரு குழுவினர் தாங்கள் தொடங்கியிருக்கும் வேலையை எனக்குக் காட்டினார்கள். தலைப்பு 'தோல்'. நாற்பது படங்கள். சில ஓவியங்கள், சில பழைய புகைப்படங்கள், மீதி இவர்களே கைபேசியில் எடுத்தவை. தேர்வில் நல்ல கண் தெரிந்தது. ஒரு படத்தில் வயதான ஒருவர் ஈரத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். "யாரும்மா இவர்?" என்று கேட்டேன். "தெரியலைங்கம்மா, தேடினப்போ வந்துச்சு" என்றார்கள். அடுத்த படத்தில் தையல் இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண். "இவங்க?" என்றேன். படம் எடுத்த மாணவி தயங்கிச் சொன்னாள்: "எங்க அம்மாங்க." படத்துக்குக் கீழே 'பெண் தொழிலாளி' என்று இருந்தது.

அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் அரசு அருங்காட்சியகங்களில் கியூரேட்டர் பதவிக்குக் காப்பாட்சியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் அவர் காப்பது பொருளை. கல்லை, செப்பை, ஓலையை, பழைய ஆயுதத்தைப் பூச்சியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் திருட்டிடமிருந்தும் காக்கிறார். நீங்கள் அமைக்கும் மெய்நிகர் கண்காட்சியில் பொருளே கிடையாது. பொருளின் படம் இருக்கிறது, அதே படம் வேறு ஆயிரம் இடத்திலும் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் காப்பது எதை? படத்தோடு பிரியாமல் இருக்க வேண்டிய விவரத்தை. செய்தவர் யார், அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்தக் காலம், யார் சம்மதித்து அது உங்கள் கைக்கு வந்தது. மெய்நிகர் கண்காட்சியில் காப்பாட்சியரின் உழைப்பு முழுவதும் படத்துக்குக் கீழே எழுதும் நாலு வரியில் இருக்கிறது. என் கருத்து இந்த ஒன்றுதான். இனி வருபவை அதற்கான காரணங்கள்.

எந்த ஊருக்கும் இது பொருந்தும் என்றாலும் இந்த வட்டாரத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். என் சின்னம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனவர். காலணியின் மேற்பாகமான 'அப்பர்' தைப்பது அவருக்கு வேலை. அவர் தைத்த ஜோடுகள் கப்பலேறிப் போய், அங்கே இன்னொருவருடைய பெயர் பொறித்த பெட்டியில் விற்றன. வேலை செய்யும் இடத்தில் எடுத்த அவருடைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. செய்தவர் பெயர் ஒட்டாமல் பொருள் வெளியேறுவது இங்கே தொழிலின் இயல்பாகவே ஆகிவிட்டது. அதே பழக்கம் நம் பிள்ளைகள் அமைக்கும் கண்காட்சிக்குள்ளும் வந்துவிடக் கூடாது.

1. தலைப்பு வேறு, கருப்பொருள் வேறு

'தோல்' என்பது ஒரு தலைப்பு. அதற்குள் எதையும் போடலாம், அதனாலேயே அது உங்களுக்கு உதவாது. கருப்பொருள் என்பது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டும். நாற்பது படத்தில் இருபத்தைந்தை நீக்க முடிந்தால்தான் உங்களிடம் கருப்பொருள் இருக்கிறது என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 'தோலுக்கு என்ன நிறம்?' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தா காலத்துத் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். அந்தத் தோல் வெளிர் மஞ்சளும் பழுப்புமாக வரும். தென்னாட்டிலிருந்து கப்பலேறி 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று உலகச் சந்தையில் பேர் வாங்கியது அதுதான். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இன்று டிரம்மில் குரோமிய உப்பு போட்டுச் சுற்றினால் ஏறக்குறைய ஒரு நாளில் தோல் பதப்பட்டுவிடுகிறது. வெளியே வரும்போது இளநீலமாக இருக்கிறது. 'வெட் ப்ளூ' என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மஞ்சளிலிருந்து நீலத்துக்கு வந்த இந்தப் பயணம் ஒரு நூற்றாண்டுக் கதை. ஓவியம் படிக்கிற மாணவருக்கு இதைவிட நல்ல வாசல் எது?

இந்தக் கதைக்குக் கலைப் பள்ளியோடு நேரடி உறவே இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதன் பொறுப்புக்கு வந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர். அவர் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யப் பயிற்சி கொடுத்தார். 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அந்தப் பள்ளியிலேயே குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையையும் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த பயன்களில் ஒன்று, உழவர் கிணற்றில் கவலை இறைக்கும் தோல் பை. பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் கெடும். குரோம் தோல் தாங்கும் என்பது கணக்கு. சித்திரம் எழுதவும் சிலை வடிக்கவும் கற்றுக்கொடுத்த வளாகத்திலிருந்துதான் தென்னாட்டுக்கு அந்த நீலம் வந்தது. அந்தக் கல்லூரி இன்றும் நிற்பது பெரியமேட்டில், சென்னையின் தோல் வணிகர் கிடங்குகளுக்கு நடுவே. 1912இல் பல்லாவரத்தை ஒட்டித் தொடங்கிய குரோம் தோல் ஆலை ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் கொடுத்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலை ஒரு பக்கம், டேனரி ஒரு பக்கம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கலைக் கண்காட்சி என்றால் மோனாலிசாவைத் தேடிப் போகிறார்கள். உங்கள் தெருவிலேயே ஒரு வண்ண வரலாறு இருக்கிறது. ஆவாரம்பூ, காய்ந்த பட்டை, மஞ்சள் தோல், நீலத் தோல், சாயம் ஏற்றிய கறுப்புத் தோல் என்று ஐந்து படம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் எந்த ஊர், யார் கை, எத்தனை நாள் வேலை என்று எழுதினால் அது நல்ல கண்காட்சி. ஐந்தே படம் போதும்.

2. குறிப்பு இல்லாத படம் என்ன ஆகும்?

வின்சென்ட் வான்கா 1886இல் பாரிசில் ஒரு ஜோடி பழைய காலணியை வரைந்தார். கயிறு அவிழ்ந்து, தோல் நெளிந்து, தேய்ந்துபோன காலணி. ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தெளிவான படத்தை அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். ஆம்பூர்ப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய ஓவியம் என்று சொல்வேன். காலணி செய்கிறவர் கண்ணுக்கு அதில் மற்றவர்களுக்குத் தெரியாதது தெரியும்.

இந்தக் காலணி ஓவியத்தைப் பற்றி ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1930களின் நடுவில் ஒரு பேருரையில் பேசினார். இது உழவர் வீட்டுப் பெண்ணின் காலணி என்று வைத்துக்கொண்டு, வயலின் ஈரத்தையும் அவளுடைய நடையின் களைப்பையும் அதிலிருந்து விரித்தெடுத்தார். மிகவும் புகழ்பெற்ற பகுதி அது. பிறகு கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாப்பிரோ அவருக்குக் கடிதம் எழுதி, எந்த ஓவியத்தைச் சொல்கிறீர்கள் என்று விசாரித்தார். 1968இல் தன் மறுப்பை வெளியிட்டார். அது எந்த உழத்தியின் காலணியும் இல்லை, பட்டணத்தில் வாழ்ந்த ஓவியருடைய சொந்தக் காலணி என்பது அவர் வாதம். வான்காவோடு படித்த ஒருவரோ, அவர் பழைய பொருள் சந்தையில் வாங்கி வந்த ஜோடு அது என்று நினைவுகூர்ந்திருக்கிறார். ஆக, ஒரு ஜோடு செருப்புக்கு மூன்று சொந்தக்காரர்கள். பெரிய பெரிய அறிஞர்கள் பல பத்தாண்டு இதைப் பேசியிருக்கிறார்கள். இது யாருடையது, எங்கே கிடைத்தது என்று ஓவியர் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இத்தனை விவாதம் வந்திருக்காது.

வான்கா எழுதாமல் போனதால் தத்துவத்துக்கு லாபம் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஹைடெக்கர் கற்பனை செய்த உழத்திக்கு ஒரு குரலும் இல்லை. அவளுக்காக அவரே பேசுகிறார். குறிப்பு இல்லாத படம் யார் அதிகாரமாகப் பேசுகிறாரோ அவருடைய சொத்தாகிவிடும். உங்கள் தளத்தில் 'பெண் தொழிலாளி' என்று போட்டு நிறுத்தினால், அந்தத் தாயைப் பற்றி நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வறுமையின் முகம் என்று ஒருவர் எழுதுவார், வளர்ச்சியின் முகம் என்று இன்னொருவர் விளம்பரத்தில் போடுவார்.

நாலு வரியில் என்னென்ன வரவேண்டும்? செய்தவர் அல்லது வரைந்தவர் பெயர். படத்தில் ஆள் இருந்தால் அவர் பெயரும் அவர் செய்யும் வேலையும். ஊரும் காலமும். மூலப்பொருள் இப்போது யாரிடம் இருக்கிறது என்பது. இவற்றை எல்லாப் பாடநூலும் சொல்லும். திரையில் மட்டும் முக்கியமாகிற ஒன்றை நான் சேர்க்கிறேன்: அளவு. சுவரில் மாட்டிய ஓவியத்தின் முன்னால் நின்றால் அதன் அளவு உடம்புக்கே தெரியும். கைபேசியில் ஓர் எருமைத் தோலும் ஒரு சின்னப் பணப்பையும் ஒரே கட்டை விரல் அகலத்தில்தான் நிற்கும். இங்கே தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அந்தக் கணக்கு உங்கள் வீட்டில் புழங்குகிற கணக்கு. அதை எழுதுங்கள். வாசனையும் திரையில் வராது. ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் எந்த ஸ்டேஷன் என்று மூக்கு சொல்லிவிடும் ஊர்க்காரர்கள் நீங்கள். சுண்ணாம்புத் தொட்டி எப்படி நாறும், முடித்த தோல் எப்படி மணக்கும் என்று ஒரு வாக்கியம் எழுதுவது உங்களால் முடிகிற காரியம். ஆம்ஸ்டர்டாம்காரரால் அது முடியாது.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். ஆம்பூரில் எடுத்த பழைய படத்தின் பின்புறம் வடஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். பிறகு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அதற்கும் பிறகு வேலூர் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். அன்று எழுதியதை அப்படியே கொடுத்து, இன்றைய பெயரையும் பக்கத்தில் சேருங்கள்.

3. பிறர் எழுதிய குறிப்பை அப்படியே நகலெடுக்கலாமா?

உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பைத் திறந்துவிட்டிருக்கும் காலத்தில் நீங்கள் படிக்கிறீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் ஏறக்குறைய 3,75,000 படங்களை யாரும் கட்டணமின்றி, அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களைத் திறந்தது. எங்கள் காலத்தில் ஒரு படத்தைப் பார்க்கச் சென்னைக்குப் பஸ் ஏறி, நூலகத்தில் நாள் முழுக்கக் காத்திருப்போம்.

ஆனால் திறந்து கிடப்பது படம். நம் நாட்டுப் பழைய படங்கள் பலவற்றோடு கூடவே வருகிற குறிப்பு ஆங்கிலேய ஆட்சிக் காலத்தவர் எழுதியது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தஞ்சாவூர் முதலிய இடங்களில் ஓவியர்கள் ஆங்கிலேய வாடிக்கையாளருக்காகச் சாதியையும் தொழிலையும் கணவன்-மனைவி இணையாக வரைந்து கொடுத்தார்கள். கம்பெனிப் பாணி ஓவியங்கள் என்று இவற்றைச் சொல்கிறோம். வரைந்தவர் பெயர் பெரும்பாலும் கிடையாது, வரையப்பட்டவர் பெயர் கிடையவே கிடையாது. கீழே சாதிப் பெயர் மட்டும் உண்டு. தோல் வேலை செய்த மக்களைக் குறிக்க அங்கே எழுதியிருக்கும் சொற்களில் சில இன்று வாயால் சொல்லக் கூடாத வசைச் சொற்கள். அதை நகலெடுத்து உங்கள் தளத்தில் ஒட்டினால், இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவரின் பாட்டனை நீங்களே மறுபடியும் ஏசுகிறீர்கள்.

அழித்துவிடுவதும் சரியில்லை, அப்படி ஒரு காலம் இருந்ததற்கான சாட்சி அது. நான் பரிந்துரைக்கும் வழி இது: முதலில் உங்கள் சொல்லில் மரியாதையோடு குறிப்பு எழுதுங்கள். அதன் கீழே, ஆவணத்தில் உள்ள பழைய தலைப்பில் ஓர் இழிசொல் இருக்கிறது, யார் எந்தக் காலத்தில் இட்டது என்று பதிவு செய்யுங்கள். பெயர் தெரியாத இடத்தில் 'பெயர் பதியப்படவில்லை' என்று எழுதுங்கள். 'பெயர் தெரியாதவர்' என்று எழுதாதீர்கள். அவருக்குத் தம் பெயர் தெரிந்துதான் இருந்தது, பதியாமல் விட்டவர் வேறு ஆள்.

தோல் என்றாலே செருப்பு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். ஆட்டுத் தோலைத் தேய்த்துச் சீவி வண்ணம் தீட்டிய பாவைகள் தோல்பாவைக் கூத்தில் இராமனாகவும் சீதையாகவும் ஆடுகின்றன. பறையும் தோல், மிருதங்கமும் தோல். மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக 2020இல் வெளியிட்டார். மேடையில் வாசிப்பவர் பெயர் ஊரறியும், வாத்தியத்தைச் செய்தவர் பெயரை ஒரு நூல் எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இலக்கியத்தில் இந்த வேலை முன்பே நடந்திருக்கிறது. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் பேரணாம்பட்டு மண்ணிலிருந்து அழகிய பெரியவன் எழுதுகிறார். குறிப்பு எழுதப் பழக வேண்டுமானால் இவர்களைப் படியுங்கள். ஒரு மனிதரை மூன்று வாக்கியத்தில் கண்முன் நிறுத்துவது எப்படி என்று தெரியும்.

4. கேட்டு எடுப்பது

நேற்று மாலை அந்த மாணவியிடம், அம்மாவின் பெயரைப் போடலாமே என்றேன். இரவு வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். இன்று காலை வந்து சொன்னாள்: "பேரு போட்டுக்கன்னாங்க. கம்பெனி பேரு மட்டும் வேணாமாம். பின்னாடி நிக்கிற அக்காவுக்கும் சொல்லணுமாம்." இருபது வருடம் ஆராய்ச்சி செய்த எனக்குத் தோன்றாதது இது. படத்தின் ஓரத்தில், பாதி முகம் தெரிய இன்னொரு பெண் நிற்கிறாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்புதல் என்றால் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் படம், எங்கே போடப்போகிறோம், யார் பார்ப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம் என்பதை அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் உருது பேசுகிற வீடுகள் உண்டு, அங்கே அந்தத் தாள் உருதுவிலும் இருக்கட்டும். வேலை செய்யும் இடத்தில் எடுத்த படம் ஒருவருடைய வேலைக்கே உலை வைக்கக் கூடும். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால், கையை மட்டும் எடுங்கள். பிசின் படிந்த விரல் நுனிகள் எந்த ஓவியத்துக்கும் குறைந்தவை அல்ல.

கலைஞர்களின் ஆக்கத்துக்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு. ரவிவர்மா 1906இல் மறைந்தவர், அவர் படங்களை எடுக்கலாம். இன்று வாழும் ஓவியருடைய படம் இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுக்க முடியாது. எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் மாணவர்களுக்கு மறுப்பதில்லை என்பது என் அனுபவம்.

5. ஆற்றை எப்படிக் காட்டுவது?

தோல் பற்றிய எந்தக் கண்காட்சியும் பாலாற்றைத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. ஓடுகிற என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், மணலையும் எடுத்துவிட்ட படுகை அது. மாணவர்கள் உடனே எடுத்து வருகிற படம் நுரையும் நிறமுமாகக் கிடக்கும் தண்ணீர். பார்க்க வண்ணமாக, நவீன ஓவியம் போலவே இருக்கும். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் அச்சமாக இருக்கிறது. கீழே குறிப்பு இல்லாவிட்டால் நஞ்சு அழகாகிவிடுகிறது.

குறிப்புக்கு வேண்டிய சான்று பொது ஆவணங்களில் நிறையவே இருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் வேலூரின் பெயரைப் படிக்காமல் தேற முடியாது. தோல் ஆலை வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்ததும் இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு அளிக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் நுரைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். இடையில் 28 ஆண்டு.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இதை ஒரு மாணவர் கண்காட்சியில் காட்டலாமா என்று என்னைக் கேட்டார்கள். காட்ட வேண்டும் என்பேன். அந்த உடல்களின் படம் வேண்டாம். கறுப்புத் திரையில் தேதியும் ஊரும் 10 பெயர்களும் போதும். அந்தப் பெயர்களைச் சரியான உச்சரிப்போடு எழுத வங்காளம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அதுவும் காப்பாட்சியரின் வேலை.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தத் தொழிலை வெறும் குற்றமாக மட்டும் காட்டும் கண்காட்சியும் பொய்யானது. 1970களிலிருந்து பதனிட்ட தோலாகவே அனுப்பாமல் காலணியாகச் செய்து அனுப்ப வேண்டும் என்று கொள்கை மாறியபோதுதான் ஆம்பூர்ப் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சம்பளத்துக்குப் போனார்கள். இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய கல்லூரிக் கட்டணம் அந்தத் தையல் இயந்திரத்திலிருந்து வந்தது. ஆறும் கட்டணமும் ஒரே வீட்டுக் கணக்கில் வருகின்றன. இரண்டையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க உங்களுக்குத் துணிவு வேண்டும்.

6. எதில் அமைப்பது, எத்தனை நாள் நிற்கும்?

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். முப்பரிமாண அறை, நடந்து போகிற தரை, சுவரில் விளக்கு என்று இன்று இலவசமாகவே அமைக்கலாம். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். பேரணாம்பட்டில் ஒரு சாதாரணக் கைபேசியில் திறந்து பாருங்கள், சுற்றிக்கொண்டே நிற்கும். உங்கள் கண்காட்சி முதலில் திறக்க வேண்டியது ஷிப்டு முடிந்து பஸ்ஸில் போகிற பெண்ணின் கைபேசியில். ஆகவே மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கிற எளிய பக்கம் போதும். ஒவ்வொரு குறிப்பையும் யாராவது வாசித்துப் பதிந்து ஒலியாகவும் வையுங்கள். கண் தெரியாதவருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதுவே வழி.

இணையத்தில் போட்டால் என்றென்றும் நிற்கும் என்பது தவறான நம்பிக்கை. ஃபிளாஷ் என்ற மென்பொருளில் உலகமெங்கும் எத்தனையோ அருங்காட்சியகங்கள் கண்காட்சி அமைத்திருந்தன. 2020 டிசம்பர் 31 அன்று அந்த மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தினார்கள். அதில் செய்த பக்கங்கள் அப்படியே இருண்டன. பெருந்தொற்றுக் காலத்தில் 2021இல் கொச்சியின் மாணவர் பைனாலே என்ற கலைக் கண்காட்சி இணையத்திலேயே நடந்தது. நாடெங்கும் பூட்டிய வீடுகளுக்குள் இருந்து மாணவர்கள் பங்கேற்றார்கள். அந்த உழைப்பெல்லாம் எங்கே பத்திரமாக இருக்கிறது என்று யாராவது கவலைப்பட வேண்டும். படங்களையும் குறிப்புகளையும் ஒப்புதல் தாள்களையும் ஒரு வட்டில் போட்டுக் கல்லூரி நூலகத்தில் கணக்கெழுதி ஒப்படையுங்கள். குறிப்புகளை மட்டுமாவது தாளில் அச்சிட்டுத் தைத்து வையுங்கள். தைக்கத் தெரிந்த ஊர் இது.

கல்லூரி முதல்வர் அவர்களிடமும் துறைத் தலைவரிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பணிக்கு மதிப்பெண் போடும்போது படத் தேர்வுக்கும் பக்க அழகுக்கும் எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே அளவு குறிப்புக்கும் கொடுங்கள். கண்காட்சியைத் திறந்துவைக்கத் தயவுசெய்து என்னைப் போன்றவர்களை அழைக்காதீர்கள். படத்தில் இருப்பவர்களை அழையுங்கள். அவரவர் குறிப்பை அவரவர் படித்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லட்டும். அவர்களுக்கு வார விடுமுறை எந்த நாள் என்று முதலில் விசாரித்துவிட்டு, அந்த நாளில் விழாவை வையுங்கள். மற்ற ஆறு நாளும் அவர்கள் வேலையில் இருப்பார்கள்.